திரையரங்கில் கேப்ஷனும் காட்சி விவரிப்பும்: சர்வரிலிருந்து இருக்கை வரை

கேள்வி: மூன்று திரைகள் உள்ள அரங்கை நிர்வகிக்கிறேன். ஒவ்வொன்றிலும் 200 இருக்கைகள். டிஜிட்டல் புரொஜெக்டரும் சர்வரும் உண்டு. காது கேளாதவர்களும் பார்வையற்றவர்களும் படம் பார்க்க வசதி செய்ய விரும்புகிறோம். "திரையில் சப்டைட்டில் போட்டால் போதும்" என்கிறார் ஒருவர். "ஆப் இருக்கும்போது கருவி எதற்கு?" என்கிறார் இன்னொருவர். என்ன வாங்குவது, எப்படி இணைப்பது, எங்கே சிக்கல் வரும்?

பதில்: கருவி விற்பவரை அழைப்பதற்கு முன், உங்களுக்கு வரும் படத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தேவையானவை பல படங்களில் ஏற்கெனவே வந்துவிடுகின்றன. அரங்குக்குள் வந்த பிறகுதான் அவை பார்வையாளரிடம் போய்ச் சேராமல் நின்றுவிடுகின்றன.

படம் அரங்குக்கு வந்து சேரும் கோப்புத் தொகுப்பான டிஜிட்டல் சினிமா பேக்கேஜ், அதாவது டிசிபி, 16 ஒலிச் சேனல்கள் வரை தாங்கும். முதல் 6 சேனல்கள் வழக்கமான 5.1 ஒலி. 7-ஆவது சேனல் 'எச்ஐ': கேட்கும் திறன் குறைந்தவர்களுக்காக வசனத்தைத் தூக்கலாக வைத்துச் செய்த கலவை. 8-ஆவது சேனல் 'விஐ': பார்வையற்றவர்களுக்கான காட்சி விவரிப்பு, அதாவது ஆடியோ டிஸ்கிரிப்ஷன். யார் உள்ளே வந்தார், முகம் எப்படி மாறியது, கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதையெல்லாம் வசனத்தின் இடைவெளிகளில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே வரும். சைகைமொழிக் காணொளிக்கு 15-ஆவது சேனலை ஒதுக்கியிருக்கிறார்கள். வசனத்தையும் முக்கியமான ஓசைகளையும் எழுத்தில் காட்டும் கேப்ஷன் மட்டும் ஒலியாக வராமல், நேரக் குறியீடுகளுடன் தனி எழுத்துக் கோப்பாக வரும்.

இவற்றில் எது வந்திருக்கிறது என்பதைப் பேக்கேஜின் பெயரே சொல்லும். ஒலிப் பகுதியில் 51-ஐ அடுத்து எச்ஐ, விஐ என்ற குறிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மொழிப் பகுதியில் சிசிஏபி என்றிருந்தால் தனிக் கருவியில் தெரியும் கேப்ஷன். ஓசிஏபி என்றிருந்தால் எல்லோருக்கும் திரையிலேயே தெரியும் கேப்ஷன். சப்டைட்டில் மொழிக்கான ஆங்கில எழுத்துகள் சிறிய எழுத்தில் இருந்தால், அது படத்தோடு பதிந்துவிட்டது, அணைக்க முடியாது என்று பொருள். பெயரில் குறி இருந்தும் சேனல் காலியாக இருக்கும் படங்களும் வரத்தான் செய்யும். ஆகவே பெயரைப் படிப்பதோடு நிறுத்தாமல் ஒருமுறை காதில் கேட்டுவிடுங்கள்.

விநியோகஸ்தரிடம் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். ஒன்று, திறவுகோல் கோப்பான கேடிஎம். அது படத்தின் பெயருக்காகத் தரப்படுவதில்லை. ஒவ்வொரு பிளேலிஸ்ட் வடிவத்துக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. சாதாரண வடிவத்துக்கு மட்டும் வாங்கியிருந்தால், கேப்ஷன் வடிவம் சர்வரில் கண்ணெதிரே இருந்தும் ஓடாது. இரண்டுக்கும் சேர்த்தே கேளுங்கள். மற்றொன்று, கேப்ஷன் வடிவம் சிலசமயம் சிறிய துணைப் பேக்கேஜாகப் பிறகு வரும். மூலப் பேக்கேஜ் சர்வரில் இல்லாவிட்டால் அது தனியாக ஓடாது. இடம் போதவில்லை என்று மூலத்தை அழித்துவிட வேண்டாம்.

எச்ஐயும் விஐயும் ஒன்றல்ல

இந்த வசதியில் அதிகம் கெட்டுப்போகும் இடம் இதுதான். பார்வையற்ற ஒருவர், இருக்கையில் ஒலியைப் பெறும் சிறு கருவியான ரிசீவரை வாங்கிக்கொண்டு போய் உட்காருகிறார். படம் தொடங்குகிறது. காதில் அரங்கில் கேட்கும் அதே வசனம், கொஞ்சம் சத்தமாக. விவரிப்பு வரவே இல்லை. எச்ஐ சேனலைக் கொடுத்துவிட்டார்கள். ஊழியர் காதில் வைத்துப் பார்த்து, "சத்தம் வருகிறதே" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார். ஒலி வருவதும் சரியான ஒலி வருவதும் வேறு வேறு என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

காரணம் மூன்று இடங்களில் இருக்கலாம். சர்வரிலிருந்து, ஒலியைப் பிரித்து அனுப்பும் ஆடியோ பிராசஸருக்கு 7, 8 இரண்டும் ஒரே ஜோடியாகப் போகின்றன. பிராசஸருக்குப் பின்னால் வயர் மாறியிருந்தால் இரண்டும் இடம் மாறிவிடும். பிராசஸரின் ரூட்டிங் அமைப்பில் 8-ஆவது சேனலை எங்கும் திருப்பாமலே விட்டிருக்கலாம். இவை இரண்டும் சரியாக இருந்தாலும், ரிசீவரில் உள்ள சேனல் சுவிட்ச் சட்டைப் பையில் உரசி நகர்ந்திருக்கலாம். கடைசிக் காரணத்துக்குத் தீர்வு எளிது. விவரிப்புக்கென்று சில ரிசீவர்களைத் தனியே ஒதுக்கி, சுவிட்சை விஐ பக்கம் வைத்து அதன் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். விரலுக்குத் தட்டுப்படும் புடைப்பு ஸ்டிக்கர் ஒன்றையும் ஒட்டுங்கள். பயன்படுத்துகிறவர் யாரையும் கேட்காமல் தானே அடையாளம் காண்பார்.

ஒவ்வொரு சேனலின் பெயரையும் குரலில் சொல்லும் சோதனை டிசிபி ஒன்றைச் சர்வரில் நிரந்தரமாக வைத்திருங்கள். வயரில் கை வைத்த நாளெல்லாம், சர்வர் மென்பொருளைப் புதுப்பித்த நாளெல்லாம் மூன்று அரங்குகளிலும் அதை ஓட்டிக் கேளுங்கள். படம் மாறும் நாளில் புதுப் படத்தின் முதல் சில நிமிடங்களையும் கேளுங்கள். விவரிப்பு பெரும்பாலும் தொடக்கத்தில் வரும் நிறுவன முத்திரைகளிலேயே ஆரம்பித்துவிடும். படத்தின் நடுவே சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். வசனம் தொடர்ந்து வரும் காட்சியில் விவரிப்புச் சேனல் நீண்ட நேரம் மௌனமாக இருப்பது இயல்பு. விளம்பரங்களுக்கும் டிரெய்லர்களுக்கும் பெரும்பாலும் விவரிப்போ கேப்ஷனோ இருக்காது. அதைக் கருவி கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் கருவி வேலை செய்யவில்லை என்று எண்ணி, படம் தொடங்கும் நேரத்தில் வெளியே எழுந்து வருவார்.

எச்ஐ சேனல் இல்லாத படம் வந்தாலும் கைவிட வேண்டியதில்லை. நடுச் சேனலின் வசனத்தைத் தூக்கி, இடது வலதைக் குறைத்துக் கலந்து எச்ஐ வெளியீட்டைத் தானே உருவாக்கும் வசதி பல பிராசஸர்களில் உண்டு. விஐக்கு அப்படி ஒரு மாற்று கிடையாது. விவரிப்பு பதிவாகி வந்தால்தான் உண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள்: அரங்கின் ஒலியைக் குறைக்கும் ஃபேடரோடு இந்த இரு வெளியீடுகளும் சேர்ந்து குறையக் கூடாது. அப்படி அமைந்திருந்தால் பிரித்துவிடுங்கள்.

ஒலியை இருக்கைக்குக் கொண்டுபோவது

மூன்று திரைகள் அடுத்தடுத்து இருக்கும் உங்கள் அரங்குக்கு அகச்சிவப்பு முறையைத்தான் பரிந்துரைப்போம். அகச்சிவப்புக் கதிர் சுவரைத் தாண்டாது. பக்கத்து அரங்கின் படம் இங்கே கேட்காது. ஒரே ரிசீவர் மூன்று அரங்குகளிலும் வேலை செய்யும். எச்ஐயையும் விஐயையும் இரண்டு அலைவரிசைகளில், கதிரை வீசும் ஒரே எமிட்டரால் அனுப்பலாம். எஃப்எம் முறையில் எமிட்டருக்கு நேர்ப் பார்வை தேவையில்லை என்பது வசதிதான். ஆனால் சுவரைத் தாண்டும், ஆகவே அரங்குக்கு ஓர் அலைவரிசை வைத்து, ஒவ்வொரு முறையும் ரிசீவரை மாற்றிக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் அது தவறிப்போகும்.

அகச்சிவப்பின் பலவீனம் மறைப்பு. ரிசீவரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேலே துப்பட்டாவோ சால்வையோ போர்த்தினால் ஒலி அறுபடும். எமிட்டரை உயரத்தில், ரிசீவரின் முகப்பு பார்க்கும் திசையில், முன்னால் எழுந்து நடப்பவரின் தலை மறைக்காதபடி பொருத்துங்கள். பொருத்திய பிறகு கடைசி வரிசை, முதல் வரிசையின் இரு ஓரங்கள், பால்கனி இருந்தால் அதன் அடிப்பகுதி எல்லாவற்றிலும் உட்கார்ந்து கேளுங்கள். கறுப்புத் துணி போர்த்திய சுவர்கள் கதிரை விழுங்குவதால், எதிரொளித்து வரும் என்று நம்பி எமிட்டரைக் குறைக்க வேண்டாம்.

ஹெட்ஃபோன் விஷயத்தில் இருவரின் தேவையும் நேரெதிர். விவரிப்புக் கேட்பவருக்குப் படத்தின் ஒலியும் வேண்டும். விஐ சேனலில் விவரிப்புக் குரல் மட்டும்தான் இருக்கும். அவருக்கு ஒற்றைக் காதில் மாட்டுவதையோ, வெளி ஒலியைத் தடுக்காத திறந்த வகையையோ கொடுங்கள். எச்ஐ கேட்பவருக்குக் காதை முழுவதும் மூடும் வகை உதவும். காதுக்கருவியோ, உட்காதில் அறுவை செய்து பொருத்தும் காக்ளியர் இம்பிளாண்டோ அணிந்தவருக்கு ஹெட்ஃபோனே வேண்டாம், நெக்லூப் கொடுங்கள். கழுத்தில் தொங்கும் அந்தக் கம்பிவளையம், காதுக்கருவிக்குள் இருக்கும் டெலிகாயில் என்ற சிறு சுருளுக்கு ஒலியைக் காந்தப்புலமாக அனுப்பும். அவர் தன் கருவியை 'டி' நிலைக்கு மாற்ற வேண்டும்.

அரங்கு முழுவதும் தரையில் கம்பி ஓட்டும் இண்டக்‌ஷன் லூப் இருந்தால் எதையும் வாங்கி மாட்டாமல் நேராக வந்து உட்காரலாம் என்பதால் பலர் அதையே விரும்புவார்கள். ஐஇசி 60118-4 தரத்தின்படி ஒலியின் உச்சங்களில் புல வலிமை மீட்டருக்கு 400 மில்லியாம்பியர் அளவை எட்ட வேண்டும். 100 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை ±3 டெசிபலுக்குள் சமமாக இருக்க வேண்டும். படிப்படியாக உயரும் இருக்கைகளுக்கு அடியில் இரும்புச் சட்டம் இருந்தால் அது புலத்தை உறிஞ்சும். உயர் சுருதிகள் முதலில் போய், வசனம் மந்தமாகக் கேட்கும். அடுத்த அரங்குக்கும் புலம் கசியும். கசிவைக் கட்டுப்படுத்தும் சிறப்பு லூப் வடிவமைப்பு உண்டு. அதற்கு நேரில் அளந்து பார்க்கும் பொறியாளர் வேண்டும். தரையைப் பெயர்த்துப் புதுப்பிக்கும்போது யோசிக்க வேண்டிய வேலை அது.

கேப்ஷன்: திரையிலா, கையிலா?

திரையில் எல்லோருக்கும் தெரியும் கேப்ஷன்தான் காது கேளாதவர்களில் பெரும்பாலோர் விரும்புவது. சார்ஜ் போட வேண்டியதில்லை, எதையும் சுமக்க வேண்டியதில்லை, கண் ஒரே தூரத்தில் நிற்கும். வாரம்தோறும் ஒவ்வொரு படத்துக்கும் சில காட்சிகளையாவது இப்படிப் போடுங்கள். அவற்றில் ஒன்று விடுமுறை மாலையாக இருக்கட்டும். வேலை நாளின் மதியக் காட்சியில் மட்டும் போட்டுவிட்டு, ஆள் வரவில்லை என்று நிறுத்துவது நியாயமல்ல. அந்த நேரத்தில் யாருமே வரமாட்டார்கள்.

வேறு மொழி சப்டைட்டிலைக் காட்டி "இருக்கிறதே" என்று சொல்லவும் கூடாது. தமிழ்ப் படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் இருப்பது, தமிழ் மட்டும் வாசிக்கும் காது கேளாதவருக்கு உதவாது. கேப்ஷனில் வசனத்தோடு, பேசுவது யார், கதவு தட்டப்படுகிறதா, தூரத்தில் சைரன் கேட்கிறதா என்பதும் எழுத்தில் வர வேண்டும். திரையின் கீழ்த் திரைச்சீலை கேப்ஷனின் இரண்டாம் வரியை விழுங்குகிறதா என்று ஒவ்வொரு திரை விகிதத்திலும் பாருங்கள். பல அரங்குகளில் இது நடக்கிறது.

மற்ற காட்சிகளுக்குத் தனிக் கருவிகள் வேண்டும். கப் ஹோல்டரில் செருகி, வளையும் தண்டில் நிற்கும் சிறு திரை ஒரு வகை. கேப்ஷன் கண்ணாடி இன்னொரு வகை. கண்ணாடியில் எழுத்து படத்தின் மேலேயே மிதப்பதால் பார்வை அலையாது. ஆனால் ஏற்கெனவே பவர் கண்ணாடி அணிந்தவருக்கு மேல் ஒன்று மாட்டுவது சிரமம். இரண்டரை மணி நேரத்தில் மூக்கு வலிக்கும். இரண்டு வகையும் கலந்து வாங்குவது நல்லது. சாய்வு இருக்கைகளில் கப் ஹோல்டர் பொருந்தாவிட்டால் தரையில் நிற்கும் ஸ்டாண்டைக் கேட்டு வாங்குங்கள். சிறு திரையை, பெரிய திரையின் கீழ் விளிம்புக்குச் சற்றே கீழே தெரியும்படி நிறுத்தச் சொல்லுங்கள். மடிக்கு அருகே இருந்தால் கழுத்து ஓயாமல் மேலும் கீழும் போய்வரும்.

இந்தக் கருவிகளுக்கான டிரான்ஸ்மிட்டர் ஈதர்நெட் வழியாகச் சர்வரோடு பேசுகிறது. எந்த ஃபிரேமில் எந்த வரி என்று சர்வர் சொல்வதால், இடைவேளைக்கு நிறுத்தி ஓட்டினாலும் வரிசை பிசகாது. சர்வரில் டிரான்ஸ்மிட்டரின் ஐபி முகவரி பதிவாகியிருக்க வேண்டும். மென்பொருள் புதுப்பித்தபின் கேப்ஷன் மொத்தமாக நின்றுபோனால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். கருவி சரியான அரங்கு எண்ணில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கத்துப் படத்தின் வசனம் ஓடிக்கொண்டிருந்தால், காது கேளாதவருக்கு அது தவறென்று புரிவதற்கே சில நிமிடங்கள் ஆகும்.

ஆப்களைப் பற்றி: கிரெட்டா, மூவிரீடிங் போன்றவை போனின் மைக் வழியாகப் படத்தின் ஒலியைக் கேட்டு, எந்த இடம் என்று கண்டுபிடித்து விவரிப்பை ஓட்டுகின்றன. பார்வையற்றவர்களுக்கு இது நல்ல வழி. தன் போன், தன் இயர்போன், தன் பழக்கம். விவரிப்புக் கோப்பை வீட்டிலேயே இறக்கிவர வேண்டும். அரங்கினுள் சிக்னல் இருக்காது. மைக் அனுமதி கொடுத்திருக்க வேண்டும், போன் பைக்குள் புதைந்திருக்கக் கூடாது. கேப்ஷனுக்கு ஆப் அவ்வளவு பொருந்தாது. கையில் போனைத் தூக்கிப் பிடித்தே படம் பார்க்க முடியாது, வெளிச்சத்துக்குப் பின்வரிசையினர் சண்டைக்கு வருவார்கள். ஆப்பில் இல்லாத படங்களும் நிறைய. எனவே கூடுதல் வசதியாக வைத்துக்கொள்ளுங்கள், கருவிக்கு மாற்றாக அல்ல.

எத்தனை வாங்குவது? ஓர் அளவுகோலுக்கு அமெரிக்க விதிகளைப் பார்க்கலாம். அங்கே 2 முதல் 7 திரைகள் உள்ள வளாகத்துக்கு 6 கேப்ஷன் கருவிகள். விவரிப்புக்கு இரண்டு திரைக்கு ஒரு கருவி, குறைந்தது 2. கேட்பு உதவிக்கு 200 இருக்கை அரங்கில் 8 ரிசீவர்கள்; அவற்றில் 2 காதுக்கருவியோடு சேர்ந்து இயங்குபவை. விவரிப்புக்கான எண்ணிக்கை எங்கள் கணிப்பில் குறைவு. பார்வையற்றவர்கள் நண்பர்களாகச் சேர்ந்து வருவார்கள். 6 வைத்திருங்கள்.

கருவிகளைச் சார்ஜிங் ரேக்கில் எண்ணிட்டு வையுங்கள். மேலாளரின் அறையில் பூட்டி வைக்காமல், டிக்கெட் கவுன்டரிலேயே இருக்கட்டும். எந்தக் காட்சிக்கு எந்த வசதி என்பதை முன்பதிவுப் பக்கத்தில் எழுத்தாகப் போடுங்கள். வெறும் படக்குறியாக இருந்தால் ஸ்கிரீன் ரீடர் வாசிக்காது. இருக்கை வரைபடமும் அப்படித்தான், ஒவ்வொரு கட்டத்துக்கும் வரிசையும் எண்ணும் பெயராக இருக்க வேண்டும். ஈடாகப் போனை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். பார்வையற்றவர் வண்டி பிடிப்பதிலிருந்து பணம் கொடுப்பது வரை அதை நம்பித்தான் இருக்கிறார். பெயரையும் இருக்கை எண்ணையும் எழுதிக்கொண்டால் போதும். அந்த இருக்கை எண் இன்னொன்றுக்கும் பயன்படும். படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஊழியர் ஒருவர், சார்ஜ் நிறைந்த மாற்றுக் கருவியோடு அந்த இருக்கைக்குப் போய், எல்லாம் வருகிறதா என்று கேட்டுவிட்டு வரட்டும். காது கேளாதவரிடம் கேட்கக் கையில் ஒரு எழுதிய அட்டை போதும்.