இறுதியாண்டு ஆய்வேட்டின் தலைப்பை இடையில் மாற்றலாமா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சிறப்புப் பட்டத்துக்கான ஆய்வேட்டின் தலைப்பை இடையில் மாற்ற முடியுமா, வேறென்ன தேவை என்று கேட்டிருந்தீர்கள். பொதுவாக மாற்றலாம், ஆனால் மேற்பார்வையாளரின் வாய்ச்சொல்லுடன் நின்றுவிடாமல் துறையின் ஒப்புதலையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பட்டங்களின் தரத்தை வரையறுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகம் (SLQF) ஆய்வுக்கான ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் குறைந்தது 100 மணித்தியால உழைப்பை எதிர்பார்ப்பதால், பிந்திய மாற்றம் வீண் ஆபத்து என்பதே என் எண்ணம்.

யாழ்ப்பாணம் பற்றிய தலைப்பென்றால் மூலங்கள் கிடைக்குமா என்பதை முன்கூட்டியே பாருங்கள்: 1981இல் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்த சுவடிகள் பல மீளக் கிடைக்காதவை, எனினும் ஈழத்துப் பழைய பத்திரிகைகளும் மலர்களும் ‘நூலகம்’ என்ற நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் பெருமளவில் இலவசமாக உள்ளன. மேற்கோள் முறையையும் பக்க அமைப்பையும் துறையின் வழிகாட்டிப்படியே அமைத்தால் போதும்.