‘நீ தேவனுடைய பிள்ளை’ என்பது திங்கட்கிழமை வரை தாங்குமா?

கேள்வி: “‘நீ தேவனுடைய பிள்ளை, உன்னைக் குறைவாக நினைக்காதே’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாக இருக்கிறது. திங்கட்கிழமை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அது போய்விடுகிறது. விசுவாசத்தால் சுயமதிப்பு கிடைத்தது என்பவர்கள், அது எப்படிக் கிடைத்தது என்று விளக்குவீர்களா?”

காலண்டர் வசனமாக மட்டும் கேட்டால் அது திங்கட்கிழமை வரை தாங்காது, நீங்கள் சொல்வது சரிதான். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சிஎஸ்ஐ சபையில் வளர்ந்தவள். ஓய்வுநாள் பள்ளியில் இந்த வசனங்களையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கியிருக்கிறேன். அவை எந்தக் கதையிலிருந்து வருகின்றன என்று பெரியவளான பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் எனக்குப் பிடிமானம் கிடைத்தது. அதனால் விளக்கத்தைக் கதைகளிலிருந்தே தொடங்குகிறேன்.

இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறும்போது வானத்திலிருந்து ஒரு சத்தம் வருகிறது: “நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்.” மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரம் இது. அதுவரை அந்தச் சுவிசேஷத்தில் அவர் என்ன செய்திருக்கிறார் என்று தேடிப் பாருங்கள். ஒரு பிரசங்கம் இல்லை, ஒரு அற்புதம் இல்லை, கூட வர ஒரு சீஷன் இல்லை. நாசரேத்தில் தச்சு வேலை பார்த்தவர், சுமார் முப்பது வயது, அவ்வளவுதான். பிதா அவரில் பிரியமாயிருப்பதாகச் சொன்னது அப்போது. ஊழியம் அதற்கு அப்புறம் வந்தது.

அடுத்து வனாந்தரம்; இதை மத்தேயு நான்காம் அதிகாரம் விரிவாகச் சொல்கிறது. நாற்பது நாள் பட்டினிக்குப் பிறகு சோதனைக்காரன் வந்து பேசுகிறான். அவனுடைய முதல் வார்த்தையே “நீர் தேவனுடைய குமாரனேயானால்” என்பதுதான். கல்லை அப்பமாக்கிக் காட்டு, ஆலயத்தின் உப்பரிகையிலிருந்து குதித்துக் காட்டு என்கிறான். யோர்தானில் ஏற்கெனவே சொல்லி முடித்த ஒன்றை இப்போது நிரூபிக்கச் சொல்கிறான். இயேசு எதையும் செய்து காட்டவில்லை.

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தேன். என் வாழ்க்கையில் நான் கேட்டதெல்லாம் அந்த இரண்டாவது குரல்தான். பத்தாம் வகுப்பில் மதிப்பெண், கல்லூரியில் ஆங்கிலம், வேலையில் அப்ரைசல், ஊரில் கல்யாணம். ஒவ்வொரு இடத்திலும் “நீ சரியானவளாக இருந்தால் இதைச் செய்து காட்டு.” எவ்வளவு செய்தாலும் அடுத்த வருடம் இன்னொன்றைக் கேட்பார்கள். சுவிசேஷம் அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. ஏற்றுக்கொள்ளுதல் முதலில், உழைப்பு பிறகு. கிறிஸ்துவோடு இணைந்தவர்களுக்கும் அதே வரிசைதான் என்று பவுல் ரோமருக்கு எழுதிய எட்டாம் அதிகாரத்தில் சொல்கிறார். நாமும் அதே பிதாவை ‘அப்பா’ என்று கூப்பிடுகிறோம்.

சரி, இது தெரிந்துவிட்டால் வலி போய்விடுமா? போகாது. அதைத்தான் லேயாளிடம் கற்றேன்.

ஆதியாகமம் 29-ம் அதிகாரத்தில் லேயாளின் கண்கள் கூச்சப்பார்வையாக இருந்தன என்றும், தங்கை ராகேல் ரூபவதி என்றும் வருகிறது. இருவருக்கும் யாக்கோபுதான் புருஷன்; அவர் அதிகமாக நேசித்தது ராகேலை. எங்கள் வீட்டில் நான் மூத்தவள், கறுப்பு. தங்கை நல்ல நிறம். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்தார் காபி குடித்துவிட்டு, “சின்னவளுக்கு எப்போ பாக்கிறீங்க?” என்று அம்மாவிடம் கேட்டார்கள். அவர்களும் சபைக்காரர்கள்தான், ஜெபம் செய்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்கினார்கள். அதனால் லேயாளின் கதையை வேறு யாரோ ஒருத்தியின் கதையாக என்னால் படிக்க முடியவில்லை.

லேயாள் ஒவ்வொரு பிள்ளை பெறும்போதும் ஒன்று சொல்கிறாள். ரூபன் பிறந்ததும் இனி என் புருஷன் என்னை நேசிப்பார் என்கிறாள். சிமியோன் பிறந்தபோது, நான் அற்பமாக எண்ணப்பட்டதைக் கர்த்தர் கேட்டார் என்கிறாள். லேவி பிறந்ததும், இந்த முறையாவது அவர் என்னோடு சேர்ந்திருப்பார் என்று நம்புகிறாள். மூன்று பிள்ளைகளையும் ஒருவருடைய பார்வையைத் தன் பக்கம் திருப்புவதற்காகவே பெற்றதைப் போல இருக்கிறது. நான்காவது, யூதா. அப்போது புருஷனைப் பற்றிப் பேச்சே இல்லை. “இப்பொழுது கர்த்தரைத் துதிப்பேன்” என்கிறாள்.

பல பிரசங்கங்கள் இந்த இடத்தில் முடிந்துவிடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஏனென்றால் அடுத்த அதிகாரத்தில் லேயாள் மறுபடியும் தங்கையோடு தூதாயீம் கனிக்காகச் சண்டை போடுகிறாள். செபுலோன் பிறந்தபோது, இப்போதாவது புருஷன் என்னோடு வாசம்பண்ணுவார் என்று பழைய பல்லவிக்கே திரும்புகிறாள். வேதம் இதை மறைக்கவில்லை. ஒரு நாள் துதித்தவள் இன்னொரு நாள் ஏங்குகிறாள், அதற்காகத் தேவன் அவளை விட்டுவிடவும் இல்லை. தாவீது யூதாவின் வம்சத்தில் வந்தான், இயேசுவும் அந்த வம்சத்தில்தான் பிறந்தார். உங்கள் திங்கட்கிழமை உங்கள் விசுவாசம் பொய் என்பதற்குச் சாட்சி ஆகாது. லேயாளுக்கும் திங்கட்கிழமைகள் இருந்தன.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் சபைகளில் சாட்சி சொல்பவர்கள் பெரும்பாலும் எப்படி முடிக்கிறார்கள்? வேலை கிடைத்தது, வீடு கட்டினோம், நல்ல வரன் அமைந்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அவர்களுடைய நன்றி உண்மையானதுதான். ஆனால் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வேலையில்லாதவனுக்கும் பிள்ளையில்லாதவளுக்கும் அது எப்படிக் கேட்கும்? ஊர் வைத்திருக்கும் அதே ஏணியைச் சபைக்குள் கொண்டுவந்து நிறுத்தி, அதில் ஏறினவர்களைத் தேவனுக்குப் பிரியமானவர்கள் என்று காட்டினால், மீண்டும் அந்த வனாந்தரத்துக் குரல்தான். எனக்குப் பிறகு கல்யாணம் ஆனதா இல்லையா என்பதை இந்தப் பதிலில் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதுதான் ஆதாரம் என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இந்த நம்பிக்கை தனி மனுஷியின் மனசுக்குள் நடக்கும் சமாதானம் மட்டும்தானா என்று கேட்டால், எங்கள் மாவட்டத்தின் வரலாறு இல்லை என்கிறது. எங்கள் மாவட்டம் அன்று சேர்ந்திருந்த பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் எங்கள் சமூகத்துப் பெண்கள் மேல்சாதியார் முன் மார்பை மறைக்கக் கூடாது என்பது வழக்கம். அரசே அதைக் காத்து நின்றது. கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் என்ற ரவிக்கை போன்ற சட்டையை அணியத் தொடங்கினார்கள். 1820-களில் சந்தையிலும் தெருவிலும் அந்தத் துணியைப் பிடித்துக் கிழித்தார்கள், ஆலயங்களையும் பள்ளிகளையும் எரித்தார்கள். 1829-ல் வந்த அரச ஆணை, கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயத்தை அனுமதித்தது, மேல்சாதிப் பெண்கள் மேலே போடும் தோள்சீலையை மறுத்தது. 1858-59-ல் மறுபடியும் கலவரம். கடைசியில் 1859 ஜூலை 26-ல் மார்பை மறைத்து உடுத்த அனுமதிக்கும் ஓர் அறிவிப்பு வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது.

அந்தப் பெண்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்காது. தேவன் மனுஷனைத் தம்முடைய சாயலாகச் சிருஷ்டித்தார், ஆணும் பெண்ணுமாகச் சிருஷ்டித்தார் என்று காதால் கேட்டிருப்பார்கள். கேட்டதை நம்பி, அடி விழும் என்று தெரிந்தே அடுத்த நாளும் குப்பாயத்தோடு சந்தைக்குப் போயிருக்கிறார்கள். சுயமதிப்பு என்று யாராவது பேசினால் எனக்கு அவர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். இதே மண்ணில், இதே காலத்தில், அய்யாவழி என்ற வழிபாட்டு மரபு பிறக்கக் காரணமான அய்யா வைகுண்டர் தம் மக்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். இன்றும் அய்யாவழி ஆண்கள் பதி என்ற தங்கள் வழிபாட்டுத் தலத்துக்குள் தலைப்பாகையோடுதான் போகிறார்கள். அதையும் நான் மரியாதையோடு பார்க்கிறேன். எனக்கு அந்தக் கண்ணியம் சபை வழியாக வந்தது.

அதனால்தான் சபைக்குள் சாதி பார்ப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் பகுதியில் சீர்திருத்தச் (புராட்டஸ்டண்ட்) சபை தொடங்கிய கதையே மயிலாடியில், ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த வேதமாணிக்கம் என்பவரிடமிருந்து தொடங்குகிறது. அவர் தஞ்சாவூருக்குப் போய் விசுவாசத்துக்குள் வந்து, அந்தச் செய்தியோடு ஊர் திரும்பினார். அவருடைய அழைப்பால் லண்டன் மிஷன் ஊழியரான ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடிக்கு வந்தார். அந்த மனுஷர் திறந்த கதவு வழியாக உள்ளே வந்தவர்கள், வரன் பார்க்கும்போது “எந்த ஆளுங்க?” என்று கேட்கிறோம். தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்காகச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். தேவன் எனக்குக் கொடுத்த மதிப்பை நான் உண்மையிலேயே நம்பினால், பக்கத்தில் இருப்பவருக்கும் அதே மதிப்பு இருக்கிறது என்று நம்பித்தான் ஆகவேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட முடியாது.

இனி நீங்கள் கேட்ட ‘எப்படி’. எனக்கு உதவியது இரண்டு விஷயங்கள்.

ஒன்று, திருவிருந்து. ஆல்டர் முன் முழங்காலில் நிற்கும்போது எனக்கு ஒரு பக்கம் பள்ளித் தலைமையாசிரியை, இன்னொரு பக்கம் முந்திரி ஆலையில் வேலை செய்யும் அக்கா. இரண்டு பேரும் என்னைப் போலவே வெறுங்கையை நீட்டுகிறார்கள். ஆயர் அப்பத்தைக் கையில் வைக்கும்போது யாருடைய சம்பளத்தையும் நிறத்தையும் கேட்பதில்லை. என் புத்தி ஏற்காத நாட்களிலும் என் கை அதை வாங்கியிருக்கிறது. உணர்ச்சி வரும் வரை காத்திருக்காமல் போய் முழங்கால்படியிட்டதால் மெல்ல மெல்ல மனசும் கூட வந்தது.

இரண்டாவது, வாரத்தின் நடுவில் யாராவது ஒருவரோடு உண்மையைப் பேசுவது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையும் பட்டுச் சேலையுமாக நிற்கும்போது யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எங்கள் சபையில் புதன்கிழமை பெண்கள் ஐக்கியக் கூட்டம் முடிந்து, பாய் சுருட்டும் நேரத்தில்தான் நான் முதல் தடவையாக என் விஷயத்தை ஒரு மூத்த அக்காவிடம் சொன்னேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் மறக்காமல் விசாரித்தார். ஒருவர் என்னை நினைவில் வைத்திருக்கிறார் என்று கண்டபிறகுதான், தேவன் என்னை நினைத்திருக்கிறார் என்பதை நம்ப எளிதாக இருந்தது.

உங்கள் கேள்வியின் தொனியில் களைப்பு தெரிகிறது, அதனால் இதையும் எழுதுகிறேன். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே” என்று சாவைக் கேட்டார். கூடவே சொன்ன காரணம், “நான் என் பிதாக்களைப்பார்க்கிலும் நல்லவன் அல்ல.” அவ்வளவு பெரிய ஊழியக்காரரும் தன்னை மற்றவர்களோடு ஒப்பிட்டுத்தான் உடைந்திருக்கிறார். தேவன் அவருக்கு முதலில் உபதேசம் அனுப்பவில்லை. தூங்க விட்டார், எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்க விட்டார், மறுபடியும் சாப்பிடச் சொன்னார். ஓரேப் மலையில் மெல்லிய சத்தத்தில் பேசியது அதற்கெல்லாம் பிறகுதான்.

அதனால் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், சாகலாம் என்ற எண்ணம் வந்து போகிறது என்றால், மனநல மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை எழுதிக்கொடுத்தால் ஒழுங்காகச் சாப்பிடுங்கள். விசுவாசம் இருந்தால் மருத்துவர் எதற்கு என்று யாராவது சொன்னால், 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். உடம்பு கொஞ்சம் தேறிய பிறகு மாற்கு முதல் அதிகாரத்தையும் ஆதியாகமம் 29, 30 அதிகாரங்களையும் நிதானமாகப் படியுங்கள். தனியாகப் படிக்காதீர்கள், உங்களைத் தெரிந்த ஒருவரோடு சேர்ந்து படியுங்கள்.