முகாமிலிருந்து ஊர் திரும்பும் உறவுக்குக் காசைத் தவிர என்ன கொடுக்கலாம்?

கேள்வி: என் சித்தப்பா குடும்பம் 1990 முதல் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருக்கிறது. இப்போது மன்னாருக்கே திரும்பிவிட யோசிக்கிறார்கள். நான் லண்டனில் இருக்கிறேன். காசு அனுப்புவதைத் தவிர நான் செய்யக்கூடியது என்ன?

நானும் அப்படித் திரும்பியவன்தான். 1990-இல் இரண்டு வயதில் அம்மாவின் மடியில் படகேறினேன். திருச்சிப் பக்கத்து முகாமில் 21 வருடம். 2011-இல் ஐ.நா. அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆர். எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் அம்மா, நான், முகாமில் பிறந்த தம்பி மூவரும் கொழும்பில் வந்து இறங்கினோம். அப்பா முகாமிலேயே காலமாகிவிட்டார். கிரைண்டரை விட்டுவர மனமில்லாமல் அம்மா கடைசி நாள் வரை மல்லுக்கட்டி, கடைசியில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஐந்நூறு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தக் கிரைண்டர் கதை இன்னும் ஓயவில்லை.

காசை இரண்டாவதாக வையுங்கள். திரும்பி வருகிறவர்களை வீழ்த்துவது கடதாசிதான்.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். தம்பி இந்தியாவில் பிறந்தவன். அப்படிப் பிறந்த பிள்ளைக்குச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, குடியுரிமைச் சான்றிதழும் எடுக்க வேண்டும். தாய் தகப்பன் இலங்கையர் என்பதால் தானாக வந்துவிடாது. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் சும்மா வந்துவிட்டோம். இங்கே வந்து பார்த்தால் அப்பாவின் பெயர் தம்பியின் இந்தியப் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, கலியாணப் பதிவில் வேறு மாதிரி. ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்துத்தான் பிசகு. அதற்குச் சத்தியக்கடதாசி (அஃபிடவிட்), ஊருக்குப் பொறுப்பான அரச அலுவலரான கிராம சேவகரின் கடிதம், பிரதேச செயலகத்தில் ஒரு கையெழுத்து, கொழும்புக்கு இரண்டு பயணம். பதினான்கு மாதம் ஓடிவிட்டது. குடியுரிமைச் சான்றிதழ் இல்லாமல் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாமல் ஓ.எல். (பதினோராம் தரப் பொதுப் பரீட்சை) மண்டபத்துக்குள் போக முடியாது. கடைசியில் ஒரு தற்காலிகக் கடிதத்தோடு போய் எழுதினான்.

ஆகவே சித்தப்பா குடும்பம் புறப்படும் முன்பே பெயர்களின் எழுத்துகளை ஒப்பிட்டுப் பாருங்கள். முகாமில் கோயிலிலோ சர்ச்சிலோ நடந்த கலியாணங்கள் பல பதியப்படாமலே இருக்கும். மகளுக்கோ மகனுக்கோ அப்படி இருந்தால் அங்கேயே பதிந்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடம் அடுத்த பிரச்சினை. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பாஸ் பண்ணிய தம்பியை இங்கே தரம் பத்தில் உட்கார வைத்தார்கள். ஓ.எல்.லில் சமயமும் வரலாறும் கட்டாயப் பாடங்கள். சமயம் என்று ஒரு பாடத்தை அவன் வாழ்க்கையில் படித்ததில்லை. ராஜராஜனை விலாவாரியாகச் சொல்லத் தெரிந்த பையன் இலங்கையின் பழைய அரசன் பண்டுகாபயனைக் கண்டு முழித்தான். முதல் வாரம் கடையில் போய் ‘சோப்பு’ கேட்டிருக்கிறான். கடைக்காரர் சிரித்துவிட்டு, “சவுக்காரமோ தம்பி, இந்தியாவோ?” என்றாராம். அங்கே நாங்கள் சிலோன்காரர்கள், இங்கே இந்தியாக்காரர்கள். அவன் ஒரு மாதம் வாய் திறக்கவில்லை. எங்கள் தெருவில் ஏ.எல். என்ற உயர்தரம் படிக்கிற ஒரு தங்கச்சி பின்னேரங்களில் வந்து அவனுக்கு வரலாறு சொல்லிக் கொடுத்தாள். எந்த நிறுவனத்தின் உதவியையும்விட அந்த மூன்று மாதம்தான் அவனை நிமிர்த்தியது.

காணிதான் எல்லாவற்றிலும் பெரிய தலையிடி. எங்கள் வளவு உடைமரக் காடாகிக் கிடந்தது. அம்மா கத்தியோடு உள்ளே போய் இரண்டு மணித்தியாலம் தேடிக் கிணற்றுக் கட்டைக் கண்டுபிடித்தார். கண்ட பிறகுதான் தெரிந்தது, பக்கத்துக் காணிக்காரரின் வேலி கிணற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. அவரும் பிழையான மனிசன் இல்லை, நாங்கள் இனி வரமாட்டோம் என்று நினைத்துவிட்டார். காணி உறுதி (பத்திரம்) படகில் நனைந்து போனதோ தொலைந்ததோ, கையில் இல்லை. ஆனால் அதை எழுதிய நொத்தாரிசின் (நோட்டரி) பெயர் அம்மாவுக்கு நினைவிருந்தது. அதையும் உத்தேசமான வருடத்தையும் வைத்துக் காணிப் பதிவகத்தில் தேடிப் பிரதி எடுத்தோம். பிறகு ஃபாதரை வைத்துக் கதைத்து வேலியைப் பழைய இடத்துக்கு நகர்த்தினோம். கோர்ட்டுக்குப் போயிருந்தால் இன்னும் தவணை வாங்கிக்கொண்டிருப்போம். பிரதி கைக்கு வந்ததால்தான் 2013-இல் இந்திய அரசின் நிதியில் நடந்த வீட்டுத்திட்டத்துக்கே விண்ணப்பிக்க முடிந்தது. 5,50,000 இலங்கை ரூபாய், கட்டங்கட்டமாக. அத்திவாரம் போட்டால் அடுத்த தொகை. நிரூபிக்கக் காணி இல்லாதவர்கள் வரிசையிலேயே நிற்க முடியவில்லை.

இங்கே ஒருவர் பத்து வருடம் எதிர்ப்பில்லாமல் அனுபவித்தால் காணி அவருக்கே என்பது பழைய சட்டம். யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்களுக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்து 2016-இல் ஒரு விசேட சட்டம் வந்தது. அதன்படி வழக்குப் போட இரண்டு வருட அவகாசம்தான். முகாமில் இருந்த எத்தனை பேர் காதுக்கு அது எட்டியிருக்கும்? சித்தப்பாவின் காணியில் வேறு யாரும் இருந்தால், அவர் வருவதற்கு முன்பே இங்கே ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2025 மே மாதம், யு.என்.எச்.சி.ஆர். உதவியோடு தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு முதியவரை யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் பிடித்தார்கள். முன்பு கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டை விட்டுப் போனதுதான் குற்றம். பெரிய சத்தம் எழுந்தது, அவர் வெளியே வந்தார், யு.என்.எச்.சி.ஆர். அனுப்புவதையே அப்போது நிறுத்தி வைத்தது. குண்டு விழும்போது படகில் ஓடிய எவரிடம் பாஸ்போர்ட் இருந்தது? அதனால் இன்று என்ன நடைமுறை என்பதைச் சென்னையில் யு.என்.எச்.சி.ஆரிடமும் தூதரகத்திடமும் கேட்டு உறுதிப்படுத்தாமல் டிக்கெட் போட வேண்டாம். இந்தியாவிலிருந்து வெளியேறும் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். மறுபடி படகு என்று யாராவது சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள்.

இனி காசுக்கு வருகிறேன். மொத்தமாகச் சித்தப்பா கையில் கொடுக்காதீர்கள், முதல் மாதத்திலேயே ஓட்டோ வாங்கலாம் என்று யாராவது வந்து நிற்பார்கள். ஊரில் கச்சேரி (மாவட்டச் செயலகம்), பிரதேச செயலகம், பள்ளிக்கூடம் என்று அலைந்து பழக்கப்பட்ட ஒரு ஆளைப் பிடியுங்கள். ஓய்வுபெற்ற கிராம சேவகர் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒரு வருடத்துக்கு அவருடைய மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் காசும் ஒரு சின்னக் கைச்செலவும் நீங்கள் கொடுங்கள். சித்தப்பா அலுவலகம் போகிற ஒவ்வொரு நாளும் அவர் கூடப் போகட்டும். எங்களுக்கு அப்படி ஒரு மாமா இருந்தார். “நாளைக்கு வாங்கோ” என்று திருப்பி அனுப்பினால், “எத்தனை மணிக்கு, யாரிட்ட?” என்று கேட்டு எழுதிக்கொண்டுதான் எழும்புவார். இப்போது எங்கள் பக்கம் வருகிற குடும்பங்களுக்கு நானும் அந்த வேலையைத்தான் செய்கிறேன், சம்பளமில்லாமல்.

இன்றிரவு சித்தப்பாவுக்கு போன் எடுத்தால் முதலில் இதைக் கேளுங்கள்: உறுதி எழுதின நொத்தாரிசின் பெயர் நினைவிருக்கிறதா?