பாதம் ஆறியது, கால் ஏன் வலிக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 51. மாட்டுத்தாவணியில் பூக்கட்டி விற்கிறேன். நான்கு மாதத்துக்கு முன்னால் டவுன் பஸ்ஸில் இருந்து இறங்கும்போது வலது பாதம் மடங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். பெருவிரல் பக்கம் ஊன்ற முடியாமல் ஒரு மாதம் நொண்டினேன். இப்போது பாதம் பரவாயில்லை. ஆனால் கெண்டைக்காலின் வெளிப்பக்கம், முழங்கால், சில நாள் இடுப்பு வரை வலி ஏறுகிறது. சுளுக்கு எடுப்பவர் நரம்பு பிசகியிருக்கிறது என்கிறார். உண்மையா டாக்டர்?

பதில்: அம்மா, முதலில் உங்கள் செருப்பைத் திருப்பிப் பாருங்கள். வலது செருப்பு மட்டும் வெளி ஓரமாகத் தேய்ந்திருந்தால் பாதி விடை அதில் இருக்கிறது. வலிக்குப் பயந்து பாதத்தைச் சாய்த்து நடந்தீர்கள் அல்லவா, சுளுக்கு போன பிறகும் அந்த நடை போகவில்லை. அதன் பாரத்தைத்தான் கெண்டையும் முழங்காலும் இடுப்பும் சுமக்கின்றன.

சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். இடது காலில் 15 முறை சுலபமாக வந்து, வலது கால் ஐந்தாறிலேயே நடுங்கினால் கெண்டைத் தசை மெலிந்துவிட்டது என்று பொருள். அதற்கு மருந்தும் அதே பயிற்சிதான். இரண்டு காலிலும் சேர்த்துத் தொடங்கி, வலி கூடாத அளவுக்குத் தினமும் செய்யுங்கள். அப்புறம், உட்கார்ந்தபடி பெருவிரலால் காற்றில் ‘அ’ எழுதுங்கள். நம் எழுத்தின் சுழிப்பில் கணுக்கால் எல்லாப் பக்கமும் திரும்பிவிடும்!

நரம்பு பிசகாது, ஆனால் நசுங்கும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அதை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. மணிக்கணக்கில் சம்மணம் போட்டுப் பூக்கட்டினால் அது அழுந்தும். புறங்கால் மரத்துப்போவது, நடக்கும்போது விரல் தரையில் தட்டுவது இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். மணைப் பலகையோ முக்காலியோ போட்டு உட்காருங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடங்கள். வியாபாரம் கெடாது.

எக்ஸ்ரே விஷயத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. படுக்கவைத்து எடுக்கும் படத்தில் பாதத்தின் நடுப்பகுதித் தசைநார் கிழிசல் தப்பிவிடக்கூடும். மாலையில் புறங்கால் இன்னும் வீங்கினால், இரண்டு காலையும் ஊன்றி நின்றபடி படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பெரியாஸ்பத்திரியில் முடநீக்கியல் பிரிவில் காட்டலாம். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

சேலை பட்டாலே எரிகிறது, தோல் நிறம் மாறுகிறது, வியர்க்கிறது என்றால் நாள் கடத்த வேண்டாம். கெண்டை திடீரென வீங்கிச் சூடாக இருந்தால் எண்ணெய் போட்டு உருவவே கூடாது, ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கூடவே மூச்சு வாங்கினால் 108-க்குச் சொல்லிவிடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது பழைய எக்ஸ்ரேயோடு அந்தத் தேய்ந்த செருப்பையும் போட்டுக்கொண்டு போங்கள். புதுசு வாங்குவதைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.