பிள்ளைக்கு முதல் படம்: வாசகர் கேள்வி பதில்

மகனுக்கு நாலு வயது. சிறுவர் படம் என்று நம்பித்தான் போட்டோம். கால் மணித்தியாலத்தில் அழத் தொடங்கிவிட்டான். இப்போது ரீவீயைப் போட்டாலே அறைக்குள் ஓடுகிறான். படத்தில் சண்டை எதுவும் இல்லையே, எங்கே பிழைத்தது?
– ஒரு தாய், கல்லடி

சண்டை இல்லாவிட்டாலும் இந்த வயதுப் பிள்ளைகள் பயப்படலாம். அவர்களை உலுக்குபவற்றில் இரண்டு: திடீரென்று எழும் சத்தமும், தாய் தகப்பனைப் பிரிவதும். சிறுவர் படங்களில் இரண்டும் தாராளமாக உண்டு. 'பைண்டிங் நீமோ' (2003) தொடங்கிச் சில நிமிடங்களிலேயே தாய் மீன் இல்லாமல் போய்விடுகிறது. அதனால் எந்தப் படத்தையும் பெரியவர் ஒருவர் முழுதாகப் பார்த்த பிறகுதான் பிள்ளைக்குப் போட வேண்டும்.

முதலில் இரண்டு கிழமைக்குப் படப் பேச்சையே எடுக்காதீர்கள். பிறகு குறும்படத்தில் தொடங்குங்கள். 'பைப்பர்' (2016) ஆறு நிமிடம்தான், பேச்சே இல்லை. கரையில் இரை தேடப் பழகும் உள்ளான் குஞ்சு ஒன்று அலையில் நனைந்து வெருண்டு, பிறகு ஒரு சின்ன நண்டைப் பார்த்துத் தேறுகிறது. கல்லடிக் கடற்கரையில் கால் நனைத்த பிள்ளைக்கு அதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 2004 டிசம்பர் சுனாமியை நேரில் கண்ட பெரியவர் வீட்டில் இருந்தால், அலை வருகிறது என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பெரியவரின் முகம் மாறினால் பிள்ளை படத்தை விட்டுவிட்டு அந்த முகத்தைத்தான் பார்க்கும்.

குறும்படங்கள் பழகியதும் அரை மணித்தியாலப் படத்துக்குப் போகலாம். 'சிவப்பு பலூன்' (1956) என்ற பிரெஞ்சுப் படம் 34 நிமிடம், பேச்சு மிகக் குறைவு. முடிவுக்குக் கிட்ட பெடியன்கள் அந்தப் பலூனைக் கல்லால் அடிப்பார்கள். அது மெல்ல மெல்லச் சுருங்கும் இடத்தில் பிள்ளையை மடியில் வைத்திருங்கள். ஊரிலுள்ள பலூன்கள் எல்லாம் பறந்து வரும் கடைசிக் காட்சியைப் பார்க்காமல் நிறுத்திவிடாதீர்கள், அந்தத் துக்கத்தை ஆற்றுவதே அதுதான்.

சத்தத்தை முதல் வசனத்துக்கு ஏற்ப வைப்பதுதான் வழக்கமான பிழை. மெல்லிய பேச்சுக் கேட்கக் கூட்டிவைத்தால், இசை எழும்போது வீடே அதிரும். படத்தின் ஆகப் பெரிய சத்தம் வரும் இடத்தை முன்பே போட்டுப் பார்த்து, அதற்கு அளவாக வையுங்கள். அறையை இருட்டாக்க வேண்டாம், பக்கத்தில் ஒரு லைட் எரியட்டும். நிறுத்தும் பொத்தானைக் காட்டி ரிமோட்டை மகனின் கையிலேயே கொடுங்கள். பயந்தால் "இது பொய்தானே" என்று வாதாடிப் பலனில்லை, நாலு வயதில் அது எடுபடாது. நிறுத்தி, அணைத்து, தண்ணீர் கொடுங்கள். தொடர்ந்து பார்ப்பதா என்பதை அவனே சொல்லட்டும்.

பென் ட்ரைவில் 5 ஜிபி படம் ஏறுவதே இல்லை. சின்னப் படம் ஏறுகிறது, ஆனால் ரீவீயில் சத்தம் வரவில்லை. பேசாமல் போனிலேயே காட்டட்டுமா?
– ஒரு தந்தை, அக்கரைப்பற்று

உங்கள் பென் ட்ரைவ் ஃபேட்32 என்ற, கோப்புகளைச் சேமிக்கும் பழைய முறையில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. கணினியில் ஃபோர்மட் செய்து, அந்தத் தடை இல்லாத எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் பிரதி எடுத்துவிடுங்கள். உங்கள் ரீவீ எக்ஸ்ஃபேட்டை வாசிக்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தம் வராததற்கு, படத்தின் ஒலி டீடீஎஸ் போன்ற முறையில் இருப்பது காரணமாகலாம். சில ரீவீக்கள் அதை வாசிப்பதில்லை. லப்டொப்பை எச்டிஎம்ஐ வயரால் ரீவீயுடன் இணைத்தால் இரண்டு சிக்கலும் தீரும்.

போன் கடைசி வழியாக இருக்கட்டும். பிள்ளை அதை மூக்கடிக்குக் கொண்டுபோகும், பக்கத்தில் இருப்பவருக்குப் படம் தெரியாது. வேறு வழியில்லை என்றால் படத்தைத் தரவிறக்கி, ஃப்ளைட் மோடில் போட்டு, மேசையில் புத்தகங்களுக்குச் சாய்த்து வையுங்கள். யூடியூப் என்றால், அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை முதலில் நிறுத்துங்கள்.

'யூ' சான்றிதழ் உள்ள தமிழ்ப் படத்தை மூன்று வயது மகளுக்குத் துணிந்து போடலாமா?
– ஒரு தாய், கல்முனை

'யூ' என்றால் பார்க்க வயதுத் தடை இல்லை என்பது மட்டுமே. சிறுவருக்காக எடுத்த படம் என்று அர்த்தமில்லை. சிறுவர் பெற்றோரின் வழிகாட்டலோடு பார்க்க வேண்டிய படங்களுக்குக் கொடுப்பது 'யூஏ'. இந்தியாவில் 2024இல் அந்தச் சான்றிதழை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்தார்கள். பழைய படங்களில் வெறும் 'யூஏ' என்றுதான் இருக்கும்.

நீளமும் ஒரு தடை. 2 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்குத் திரை நேரம் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டரை மணித்தியாலப் படம் என்றால் மூன்று நாளைக்காவது பிரிக்க வேண்டும். ஒரு பாட்டு முடியும் இடத்தில் நிறுத்தினால் அழுகை குறையும்.

பேத்தி படம் பார்க்கும்போது கச்சான் கேட்கிறாள். மூன்று வயது. கொடுக்கலாமா?
– ஒரு அம்மம்மா, களுவாஞ்சிக்குடி

வேண்டாம் அம்மா. படம் பார்க்கும் பிள்ளை வாயில் இருப்பதை மறந்து சட்டென்று சிரிக்கும், அந்த மூச்சோடு முழுக் கச்சான் சுவாசக் குழாய்க்குள் போய்விடலாம். பொப்கோர்னும் அப்படித்தான். ஐந்து வயதாகும்வரை இரண்டையும் தள்ளிவையுங்கள். கனிந்த வாழைப்பழத்தைச் சின்னத் துண்டுகளாக்கி, படத்தை நிறுத்திவிட்டு ஊட்டுங்கள்.