டெல்லியைச் சுற்றியுள்ள மாநிலங்கள் ஏன் சேர்ந்து திட்டமிடுகின்றன?

தேசியத் தலைநகர் வட்டாரம் என்பது டெல்லியும் அதைச் சுற்றியுள்ள அரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் மாவட்டங்கள் சிலவும் சேர்ந்த பகுதி. இதை ஒன்றாகத் திட்டமிடவே 1985-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி ஒரு வாரியத்தை அமைத்தது.

சரி, அதற்கு என்ன அவசியம்? வேலையும் வியாபாரமும் மாநில எல்லையைப் பார்ப்பதில்லை. உத்தரப் பிரதேசத்தின் நொய்டாவில் குடியிருந்து அரியானாவின் குருகிராமில் வேலை பார்ப்பவர், டெல்லி வழியாகப் போனால் காலையிலேயே மூன்று அரசுகளின் எல்லைக்குள் போய்வந்துவிடுகிறார். ஒரு அரசு மட்டும் சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் அந்தப் பக்கம் நகருமே தவிர, தீராது. அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி மாதிரிதான்: ஒரு வீட்டுக்காரர் தன் குழாயை மட்டும் மாற்றிப் பயனில்லை, எல்லோரும் பணம் போட்டுத் தொட்டியைச் சரிசெய்ய வேண்டும்.

அப்படிப் பணம் போட்டதற்கு நல்ல உதாரணம் டெல்லி–மீரட் விரைவு ரயில். அதைக் கட்டும் நிறுவனத்தில் மத்திய அரசுக்கு 50 சதவீதப் பங்கு. டெல்லி உட்பட நான்கு அரசுகளுக்கும் தலா 12.5 சதவீதம். 82 கிலோமீட்டர் பாதையின் முதல் பகுதி 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது. வாடகை குறைந்த ஊரில் இருந்துகொண்டே தலைநகரில் வேலைக்குப் போக முடிவதுதான் இதன் பெரிய பலன் என்பேன்.

அப்புறம், பலர் நினைப்பதுபோல் இந்த வட்டாரம் டெல்லியின் ஆட்சிக்குள் வந்துவிடவில்லை. குருகிராமை இன்றும் அரியானா அரசும், நொய்டாவை உத்தரப் பிரதேச அரசும்தான் ஆள்கின்றன.