சங்கத்தை விட்டுத்தான் சபைக்குப் போக வேண்டுமா?

கேள்வி: மூதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மாதர் சங்கத் தலைவியாக இருக்கிறேன். நுண்கடன் தொல்லை, குடிநீர், கணவரை இழந்த பெண்களின் காணிப் பிரச்சினை என்று ஓடித் திரிகிறேன். அடுத்த பிரதேச சபைத் தேர்தலில் நிற்கச் சொல்லிக் கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்து போகிறார்கள். "அரசியலுக்குப் போனால் சேர்த்த பெயர் போய்விடும்" என்கிறார் கணவர். இந்தியாவில் சமூக சேவையிலிருந்து அரசியலுக்கு வந்த பெண்களும் இப்படித் தயங்கினார்களா? நான் என்ன செய்யட்டும் அக்கா?

பதில்: தயங்கினார்கள் தங்கச்சி. முத்துலட்சுமி ரெட்டியையே பாருங்கள். புதுக்கோட்டையில் பிறந்து, 1912 இல் சென்னையில் வைத்தியப் பட்டம் வாங்கியவர். மாதர் சங்கத்தார் அவரைச் சென்னைச் சட்டசபைக்கு அனுப்பப் பார்த்தபோது, வைத்திய வேலை கெட்டுப்போகுமே என்றுதான் முதலில் யோசித்தார். போன பிறகு, 1927 இல் சபையின் துணைத் தலைவராகவே தெரிவானார்.

அவர் கையில் எடுத்தது தேவதாசி முறை ஒழிப்பு. தாயார் வழியில் அந்த வலி அவருக்குத் தெரியும். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்ற பெரிய தலைகள் எதிர்த்தார்கள். யாருக்காகப் பேசினாரோ அந்தப் பெண்களிலும் ஒரு சாரார் எதிர்த்தார்கள். தங்கள் கலையும் சொத்துரிமையும் போய்விடும் என்ற அவர்களுடைய பயத்தையும் சும்மா தள்ளிவிட முடியாது. காந்தி கைதானபோது, 1930 இல், பதவியை உதறினார். முழுத் தடைச் சட்டம் வந்தது 1947 இல்தான்.

ஆனால் வேலை நின்றதா? எந்த விடுதியும் சேர்க்க மறுத்த பெண் பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் ஔவை இல்லமாக வளர்ந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம், 1954 இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. பதவி போனாலும் நிற்க அவருக்குச் சொந்தமாக ஓர் இடம் இருந்தது. உங்களுக்கு அந்த இடம் உங்கள் சங்கம். அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள். கட்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டும் போகாதீர்கள்.

கணவர் சொல்வதில் பாதி உண்மை. சங்கக் கூட்டத்தில் கட்சித் துண்டுப்பிரசுரம் கொடுத்தால், மறு கட்சி வீட்டுப் பெண் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டாள். அதனால் வேட்புமனுவுக்கு முன்பே தலைவி பொறுப்பை இன்னொருவரிடம் கொடுங்கள். காசுப் புத்தகம், வங்கிப் புத்தகம், கூட்டக் குறிப்பு எல்லாவற்றையும் எல்லோர் முன்னிலையிலும் எண்ணி, கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். சாதாரண உறுப்பினராகத் தொடர்ந்து இருங்கள். பெயர் கெடுவது பெரும்பாலும் காசுக் கணக்கில்தான். (கல்யாணத்துக்கு முன்பே, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முத்துலட்சுமி வாக்கு வாங்கிக்கொண்டாராம். உங்களுக்கு அது கொஞ்சம் பிந்திவிட்டது; சரி, இப்போதாவது உட்கார்ந்து பேசுங்கள்.)

இனிக் கட்சிக்காரர் விஷயம். நம் இலங்கையில் 2018 தேர்தலிலிருந்து உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் என்பது சட்டம். அதற்கு முன்பு 2 வீதம்கூட இல்லை. ஆனால் வட்டாரத்தில் நேரடியாக நிற்கும் வேட்பாளர்களில் 10 வீதம் பெண்கள் இருந்தால் போதும். கட்சி எடுக்கும் வாக்குக்கேற்பக் கிடைக்கும் இடங்களுக்கான மேலதிகப் பட்டியலில்தான் பாதிப் பேர் பெண்கள். அந்தப் பட்டியலிலிருந்து யார் சபைக்குப் போவது என்பதைத் தேர்தல் முடிந்த பிறகு கட்சிதான் தீர்மானிக்கும். உங்கள் பெயரைக் காட்டி வாக்குச் சேர்த்துவிட்டு, கதிரையை வேறொருவருக்குக் கொடுக்க இதில் வழி இருக்கிறது.

ஆகவே அடுத்த முறை அவர்கள் வந்தால் தேநீர் கொடுத்துவிட்டு நேராகக் கேளுங்கள்: வட்டாரமா, பட்டியலா? பட்டியல் என்றால், இடம் கிடைத்ததும் என் பெயரை அனுப்புவீர்களா? தண்ணீர், நுண்கடன் விஷயங்களில் கட்சி சொன்னாலும் மாற்றிப் பேசமாட்டேன், சம்மதமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வட்டாரம் தந்தால் தயங்காமல் நில்லுங்கள். "பிறகு பார்ப்போம்" என்றால் எந்தப் படிவத்திலும் கையெழுத்து வைக்காதீர்கள்.